இரண்டு கோடுகளுக்கு நடுவே

சிகாகோவிலிருந்து போன் வந்த நாள் முதல் லைல் ஹார்ட்விக்குக்கு வீட்டில் கால் தரிக்கவில்லை. நிலவறையில் அடுக்கி வைத்திருந்த விஞ்ஞானக் கதைப் பத்திரிகைகளைக் கை கொள்ளாமல் அள்ளிக்கொண்டு வருவான். சாப்பாட்டு மேஜையில் பரப்புவான். புரட்டுவான். தலையை ஆட்டுவான். மறுபடி கீழே போவான். சாப்பிடுவதற்கு மேஜையில் இடம் இல்லாமல் ஆர்லீனும் இரண்டு பெண்களும் அடுப்பங்கரையில் நின்றபடியே சூப் குடித்தார்கள்.

"புத்தகம்னா புத்தகம், ஆர்லீன். கெட்டி அட்டை போட்டது. லைப்ரரியில வைக்கிற மாதிரி."

"இதோட ஏழு தடவை சொல்லிட்டே."

"இன்னும் சொல்லுவேன். எங்க ஆபீஸ்ல ரால்ஃப் என்ன சொன்னான் தெரியுமா? இன்னும் ஒரு தகர டப்பாவைக்கூட வானத்துக்கு அனுப்பாத ஜனங்க, செவ்வாய் கிரகத்துல குடித்தனம் நடத்தறதைப் படிக்கிறீங்களேன்னான். அவன் கையில அந்தப் புத்தகத்தைக் கொடுக்கணும்."

லைல் டிராக்டர் கம்பெனியில் வரைபடம் போடுகிறவன். மில்வாக்கி நகரத்து விஞ்ஞானக் கதை ரசிகர்கள் கூடி நடத்தும் 'மூன்றாம் நிலா' என்ற சைக்ளோஸ்டைல் பத்திரிகைக்கு அவன்தான் ஆசிரியர். போன் செய்தவர் நேதன் பிரெஸ்மன், சிகாகோவில் சின்னதாகப் பதிப்பகம் வைத்திருப்பவர். உலகப் போர் முடிந்த பிறகு வந்த கதைகளில் பன்னிரண்டைப் பொறுக்கி ஒரு தொகுப்பு போடப்போகிறாராம். கதைகளைத் தேர்ந்தெடுக்கவும் முன்னுரை எழுதவும் ஒரு ரசிகர் வேண்டும். அதற்காக ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி வருகிறார். மதியச் சாப்பாடு இங்கேதான்.

"எதனால உன்னைத் தேடிப் பிடிச்சாராம்?" என்று வியாழக்கிழமையே ஆர்லீன் கேட்டிருந்தாள்.

"அதைத்தானே சொல்ல வந்தேன். நம்ம பத்திரிகையில பக்கத்துக்கு அடியில ரெண்டு கோட்டுக்கு நடுவுல ஒரு வரி வருமில்ல, அதுக்காகவே பத்திரிகையை எடுத்து வைக்கிறாராம். அந்த வரியை எழுதற மனுஷன்தான் எனக்கு வேணும்னார்."

பாத்திரத் தொட்டியில் இருந்த ஆர்லீனின் கைகள் தண்ணீருக்குள்ளேயே நின்றன. லைல் அதைக் கவனிக்கவில்லை. அவன் அடுத்த பத்திரிகைக் கட்டை எடுக்கக் கீழே இறங்கிப் போய்விட்டான்.

இந்த மாதிரிப் பத்திரிகை எதை எடுத்தாலும் அந்த வழக்கம் இருக்கும். ஸ்டென்சில் தாளில் டைப் அடித்துக்கொண்டே வரும்போது ஒரு கட்டுரை முடிந்து பக்கத்தில் கொஞ்சம் இடம் மிஞ்சும். காகிதம் விற்கிற விலையில் அதை வெறுமனே விட மனம் வராது. மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, நடுவில் ஒரே ஒரு வாக்கியம். மேலே இருப்பதற்கும் கீழே இருப்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது. கூட்டத்தில் யாராவது உளறியதாக இருக்கும், யாருடைய கடிதத்திலாவது வந்ததாக இருக்கும். பெயர் போடுவதில்லை. யார் சொன்னது என்று கேட்பதும் வழக்கமில்லை.

டைப் அடிப்பவள் ஆர்லீன். கல்யாணத்துக்கு முன்னால் இன்சூரன்ஸ் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தவள். லைல் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி சொல்லிக்கொண்டே போவான், அவள் நேராக ஸ்டென்சிலில் அடிப்பாள். சொல்ல வேண்டியதை அவனுக்குச் சுருக்கமாகச் சொல்ல வராது. ஆனால் சரக்கு உள்ளவன். கதையில் ஒரு சிக்கல் இருக்க வேண்டும், அதை அவிழ்க்கத் தேவையான எல்லாமே வாசகன் கண்ணெதிரே இருக்க வேண்டும், எழுத்தாளன் கடைசியில் சட்டைப் பையிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது என்பது அவன் கட்சி. 'விஞ்ஞானத்துல பொய் சொல்றவன் மனுஷங்களைப் பத்தியும் பொய்தான் சொல்லுவான்' என்று ஒருமுறை சொன்னபோது, ஆர்லீன் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு அவனைத் திரும்பிப் பார்த்தாள். அன்றைக்கு அவன்மேல் புதிதாக ஆசை வந்தது என்றுகூடச் சொல்லலாம்.

அவளும் எல்லாக் கதைகளையும் படிப்பவள்தான். பெண்கள் பள்ளிக்கூடம் போன பிறகு, துணி காயும் நேரத்தில், நிலவறையில் கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்து படிப்பாள். படித்ததைப் பற்றிப் பேச இடம் கிடைத்ததில்லை. சாப்பாட்டு மேஜையில் லைல் பேசுவான். சனிக்கிழமைக் கூட்டத்தில் எல்லா ஆண்களும் பேசுவார்கள், அவள் காபி ஊற்றுவாள். அப்படி இருக்கையில் ஒரு நாள் ஒரு பக்கத்தின் அடியில் இடம் மிஞ்சியது. அவள் இரண்டு கோடு போட்டு நடுவில் அடித்தாள்: 'ரோபோ அழுதால் அது கதை, மனைவி அழுதால் அது ஒரு பத்தி.'

பக்கங்களை அடுக்கும்போது லைல் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "இதை யார் சொன்னது?"

அவளுக்கு முகம் சூடாகிவிட்டது. "நீதான். அன்னிக்கு ராத்திரி சாப்பிடறப்ப சொன்னியே."

"நானா? பரவாயில்லையே."

அவ்வளவுதான். அதன்பின் அவன் கேட்கவில்லை. இரண்டு வருடமாக இதழுக்கு ஒன்றிரண்டு வரிகள் போய்க்கொண்டிருந்தன. அத்தனை பேசுகிறவனுக்குத் தான் எதைச் சொன்னோம், எதைச் சொல்லவில்லை என்று எப்படி ஞாபகம் இருக்கும்? டொலீடோவிலிருந்தும் போர்ட்லாண்டிலிருந்தும் வந்த கடிதங்கள் அந்த வரிகளைத் திருப்பிச் சொன்னபோது அவன் வெட்கத்தோடு சந்தோஷப்பட்டான். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து அவளும் சந்தோஷப்பட்டாள். பெயரில்லாத வரி யாருடையதாக இருந்தால் என்ன என்று நினைத்துக்கொண்டாள்.

இப்போது அந்த வரிகளை நம்பி ஒரு புத்தகம் வரப்போகிறது. அதன் முன்னுரையில் பெயர் போடுவார்கள்.

சனிக்கிழமை பிற்பகல் புது இதழ் அடிக்கும் வேலை. சைக்ளோஸ்டைல் இயந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றுவது கஸ் போல்மன். பீர் வடிக்கும் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தோள் இன்னும் திரண்டிருந்தது. லைல் காகிதம் வாங்கக் கடைக்குப் போயிருந்தான். மேஜையைச் சுற்றி வந்து பக்கங்களை அடுக்கிக்கொண்டிருந்த ஆர்லீனைப் பார்த்து கஸ் சொன்னார்:

"அம்மணி, முப்பது வருஷமா எனக்கு லைலைத் தெரியும். அவன்கிட்ட மணி என்னன்னு கேட்டா கடிகாரம் எப்படிக் கண்டுபிடிச்சாங்கன்னு ஆரம்பிப்பான்."

"அதுக்கென்ன இப்போ?"

"ஒண்ணுமில்ல. அவன் எப்படி ஒரே வரியில நிறுத்தறான்னு யோசிச்சேன்."

"கையைப் பாருங்க கஸ், மையாயிடப் போகுது."

"கையெல்லாம் மைதான். உன் கையிலயும்தான் இருக்கு."

அவள் அடுத்த பக்கத்தை எடுத்தாள். லைல் வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று நிலவறைப் படியில் அவனை மறித்தாள். "லைல், அந்த வரிங்களைப் பத்தி ஒண்ணு..."

"அதைத்தான் நானும் நினைச்சுட்டு வந்தேன். முன்னுரையே அந்த வரிங்கள்ல இருந்துதான் ஆரம்பிக்கணும். அம்மாவைப் பத்தின வரி இருக்கே, அது முதல்ல. ஒவ்வொண்ணையும் எடுத்து விரிச்சு எழுதிடறேன்." சொல்லிக்கொண்டே அவளைத் தாண்டிக் காகிதக் கட்டோடு இறங்கினான்.

விரித்து எழுதப்போகிறான். அந்தச் சொல்தான் அவளை உறுத்தியது. அவனுக்குக் கிடைக்கும் பெயரைப் பற்றி அவளுக்கு வருத்தமில்லை என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அது முழுக்க உண்மையில்லை என்று தெரிந்தது. சொல்ல நினைத்த ஒன்றை இவ்வளவு காலம் குட்டிக் குட்டியாக நறுக்கிப் போட்டிருக்கிறாள். அது முழுசாக வெளியே வர ஒரே ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது, அது வேறொருவர் வாய் வழியே வரப்போகிறது.

ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போய் வந்ததும் பெண்கள் இருவரையும் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பன்றித் தொடை ஹாமை அடுப்பில் வைத்தாள். பிரெஸ்மன் வந்தபோது காலணியெல்லாம் பனி. ஒல்லியான, கண்ணாடி போட்ட மனிதர். நல்ல பசி. உருளைக்கிழங்கை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்ட பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

லைல் தன் பட்டியலை ஒப்பித்தான். முதல் இடம் 'கண்ணாடிச் சக்கர'த்துக்கு. உலோகமெல்லாம் ஒரே வாரத்தில் உளுத்துப்போகும் ஒரு கிரகத்தில் இறங்கிவிட்ட இன்ஜினியர், மணலை உருக்கிக் கண்ணாடியில் பல்சக்கரம் வார்த்துக் கலத்தைக் கிளப்புகிற கதை.

"ஒவ்வொரு பல்லையும் நான் வரைஞ்சு பாத்துட்டேன், மிஸ்டர் பிரெஸ்மன். கோணம் சரியா வருது. எழுதினவன் கணக்குல ஏமாத்தல."

"நல்ல கதைதான். எனக்கும் பிடிக்கும்," என்றார் பிரெஸ்மன். "ஆனா நான் வந்தது வேற ஒண்ணுக்காக. போன வசந்த காலத்து இதழ்ல ஒரு வரி போட்டிருந்தீங்க. 'பூமிக்குத் திரும்பாத கதைகளில் யாருக்கும் அம்மா கிடையாது.' அதைப் படிச்சுட்டு என் அலமாரியைத் தேடிப் பாத்தேன். நிஜம்தான். ஒருத்தனுக்கும் இல்ல. அதை எந்த அர்த்தத்துல சொன்னீங்கன்னு உங்க வாயால கேக்கணும்."

லைல் நாப்கினால் வாயைத் துடைத்துக்கொண்டான். ஆர்லீன் குழம்புக் கிண்ணத்தைப் பிடித்தபடி நின்றாள்.

"அதுதாங்க இந்தக் கதைகளோட பலம்," என்று லைல் ஆரம்பித்தான். "மத்த கதையெல்லாம் எடுங்க. அம்மா, மாமியார், அண்ணன் தம்பி சண்டை, யார் யாரைக் கட்டிக்கிட்டான்னு அதுலயே சுத்தும். நம்ம ஆளுங்க அந்த மூட்டையையெல்லாம் கீழ வெச்சுட்டாங்க. மனுஷனும் பிரபஞ்சமும் நேருக்கு நேர். கால்ல கயிறு இல்லாதவனாலதான் அவ்வளவு தூரம் போக முடியும். அதைத்தான் சொன்னேன்."

பிரெஸ்மன் முள்கரண்டியைக் கீழே வைத்தார். முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. "அப்படியா. பாராட்டுன்னு எனக்குத் தோணல."

"பாராட்டுதான்."

"இல்ல," என்றாள் ஆர்லீன்.

இருவரும் அவளைப் பார்த்தார்கள். கிண்ணம் கனத்தது. அதை மேஜையில் வைத்தாள்.

"அது பாராட்டு இல்ல. அம்மா இல்லாதவனா ஒருத்தனை உண்டாக்கினா, அவன் கிளம்பிப் போறதுக்கு விலையே இல்ல. யாரும் வாசல்ல நிக்க மாட்டாங்க. கணக்கு சரியா வரணும்னு எழுத்தாளர் ஒரு எண்ணைக் கணக்குலேருந்தே எடுத்துட்டார். பல்சக்கரத்துல ஏமாத்தலதான். இதுல ஏமாத்திட்டார்."

லைல் சிரிக்கப் பார்த்தான். "ஆர்லீன், சொன்னவன் நான். எனக்குத் தெரியாதா என்ன அர்த்தத்துல சொன்னேன்னு?"

"எப்ப சொன்னே?"

"சாப்பிடறப்ப. நீதானே..." அவன் நிறுத்தினான். வாய் கொஞ்சம் திறந்தபடி இருந்தது. கண்கள் மேஜைமேல் எதையோ தேடின. தான் பேசிய சாப்பாட்டு வேளைகளையெல்லாம் அவன் ஒவ்வொன்றாகப் புரட்டுவதாக அவளுக்குத் தோன்றியது.

"எல்லாமேவா?" என்று கேட்டான்.

"கோட்டுக்கு நடுவுல இருக்கிறது மட்டும்."

பிரெஸ்மன் தொண்டையைச் செருமிக்கொண்டார். அடுத்தவர் வீட்டுப் படுக்கையறைக் கதவைத் தெரியாமல் திறந்துவிட்டவர்போல் இருந்தது அவர் முகம். ஆனாலும் பதிப்பாளர் இல்லையா, கேட்காமல் இருக்க முடியவில்லை. "மிசஸ் ஹார்ட்விக், அப்போ அந்த எண்ணை எடுக்காத கதை ஏதாவது இருக்கா?"

"ஒண்ணு இருக்கு. 'நீளும் குரல்'னு பேர். நின்னுபோன ஒரு பத்திரிகையில வந்தது. அதுக்கு ஒரு கடிதம்கூட வரல." அவள் கைகளை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள். "நிலாவுல ரேடியோ நிலையத்துல ஒரு பொம்பளை. புருஷன் நட்சத்திரத்துக்குப் போற கலத்துல போயிட்டான். தினமும் பேசறான். கலம் வேகம் எடுக்க எடுக்க அவன் குரல் இங்க மெதுவா வருது. முதல்ல கொஞ்சம் இழுக்குது. அப்புறம் ஒரு வாக்கியம் வர ஒரு வாரம். கடைசியில ஒரே ஒரு சொல் வந்து முடிய ஒரு குளிர்காலமே ஆகுது. அவனுக்கு அது தெரியாது. சாதாரணமா பேசறதாத்தான் நினைக்கிறான். இவ உக்காந்து அந்தச் சொல்லைக் கேக்கறா."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல. அவளுக்கு வயசாகுது."

"ஒண்ணுமே நடக்காதே அதுல," என்றான் லைல் மெல்லிய குரலில். "பாதியில வெச்சுட்டேன்."

"தெரியும். நீ எந்தப் பக்கத்துல வெச்சேன்னும் தெரியும்."

அதற்குமேல் யாரும் ஹாமைத் தொடவில்லை. கஸ் வீட்டம்மா கொடுத்தனுப்பிய ஆப்பிள் கேக்கைப் பிரெஸ்மன் மட்டும் மரியாதைக்குத் தின்றார். கிளம்பும்போது கோட்டை மாட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்: "முன்னுரையில யார் பேர் வரணும்னு ரெண்டு பேரும் பேசிட்டு எனக்குச் சொல்லுங்க. அவசரமில்ல."

சரி என்று சொல்லிவிடுவது சுலபமாக இருந்திருக்கும். பேசுகிறோம் என்று சொன்னால் போதும். பிறகு லைல் பேசுவான், அவள் கேட்பாள், கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து எழுதியதாக முடியும்.

"பேச ஒண்ணும் இல்ல, மிஸ்டர் பிரெஸ்மன்," என்றாள். "முன்னுரையை நான் எழுதறேன். என் பேர்ல."

லைல் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு அவரை ரயிலில் ஏற்றிவிடப் போனான்.

ஸ்டேஷன் ஒன்றும் தொலைவில்லை. அவள் மேஜையைத் துடைத்தாள், தட்டுகளைக் கழுவினாள், மிச்ச ஹாமை மெழுகுத் தாளில் சுற்றினாள். கார் வரவில்லை. உறைந்த ஏரிப் பக்கம் போய்க் காரை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பான் என்று நினைத்தாள். அவன் அப்பா இறந்தபோது அப்படித்தான் செய்தான். தான் செய்தது சரிதான் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு இனி தினமும் எதிரெதிரே உட்கார்ந்து எப்படிச் சாப்பிடுவது என்பது தெரியவில்லை. அவன் இனி பேசாமலே இருந்துவிட்டால்? பத்திரிகையை நிறுத்திவிட்டால்? அவன் பேச்சுச் சத்தம் இல்லாத வீட்டை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வெளிச்சம் மங்கும்போது வந்தான். தொப்பியைக்கூட எடுக்காமல் அடுப்பங்கரை வாசலில் நின்றான்.

"ரெண்டு வருஷமா என்னை முட்டாளாக்கி வெச்சிருக்கே."

"முதல் தடவை கேட்டப்ப பொய் சொன்னேன். அது தப்புதான். அதுக்கப்புறம் நீ கேக்கவே இல்லையே, லைல்."

"ஏன் சொன்னே பொய்?"

"நான்னு தெரிஞ்சா நீ சிரிச்சிருப்பே."

"சிரிச்சிருக்க மாட்டேன்." அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பினான். "சிரிச்சிருப்பேன்," என்றான்.

பிறகு கேட்டான்: "அந்தப் பத்திரிகை எங்க?"

அவள் துணிக்கூடைக்கு அடியிலிருந்து எடுத்துவந்து கொடுத்தாள். அட்டை கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. அவன் கோட்டோடேயே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தான். ஆர்லீன் ஏற்கெனவே துடைத்த அடுப்பை மறுபடி துடைத்தாள். கண்ணாடி மாட்டிக்கொண்டான். பென்சில் தேடினான். ஓரத்தில் வேகத்தையும் தூரத்தையும் எழுதி வகுத்தான், அடித்தான், மறுபடி வகுத்தான். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போனான். அதை அவள் பார்த்தாள், பார்க்காததுபோல் இருந்துகொண்டாள்.

"கணக்கு சரியா இருக்கு," என்றான்.

"தெரியும். அதனாலதான் அது வலிக்குது."

"ஆனா எனக்குப் பிடிக்கல."

அவள் திரும்பினாள். "ஏன்?"

"அவ ஏன் அவனோட போகல? ரேடியோ தெரிஞ்சவ. கலத்துல இடம் இருக்கு, அதையும் எழுதியிருக்கான். போயிருந்தா கதையே இல்ல. கதை வேணும்னு எழுதினவன் அவளைப் பிடிச்சு நிலாவுல உக்கார வெச்சுட்டான். நீ சொன்னியே, கணக்குலேருந்து எண்ணை எடுக்கறதுன்னு. இதுவும் அதுதானே."

யோசிக்க வேண்டிய கேள்விதான். டொலீடோக்காரருக்கும் போர்ட்லாண்டுக்காரருக்கும் மூன்று பக்கம் பதில் எழுதும்போது இருக்கும் அதே சூடு அவன் குரலில் இருந்தது. இந்தக் குரலில் அவன் அவளிடம் பேசியதே இல்லை.

"அவன் கேக்கல," என்றாள். "நாலாம் பக்கம் பாரு. போறேன்னு சொல்றான். வர்றியான்னு ஒரு இடத்துலயும் கேக்கல."

அவன் புரட்டினான். விரலை வரிமேல் வைத்து நகர்த்தினான். நெடுநேரம் அந்தப் பக்கத்திலேயே இருந்தான்.

"கேக்கலதான்," என்றான். தாடையைத் தேய்த்துக்கொண்டான். "இருந்தாலும் அவளா கேட்டிருக்கலாம்."

"கேட்டிருக்கலாம். அது அவ தப்பு."

"அப்போ கதையில அது இருக்கணும்."

"இருக்கு. கடைசிக்கு முந்தின பக்கம்."

"அதை நான் அப்படிப் படிக்கல." அவன் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டான். "பாரு, 'கண்ணாடிச் சக்கரம்' வராம இது பன்னிரண்டுல வந்துதுன்னா, 'மூன்றாம் நிலா'வுல உன் முன்னுரையை நார் நாராக் கிழிச்சு எழுதுவேன். என் பேரைப் போட்டே எழுதுவேன்."

"எழுது. ஆனா நீயே டைப் அடிச்சுக்கோ."

லைல் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டான். பிறகு எதிரே இருந்த நாற்காலியைக் காலால் அவள் பக்கம் தள்ளினான்.

"உக்காரு. முதல் பக்கத்துலேருந்து வா."